குடைந்த மரமும் குதிக்கும் தெள்ளும்

கருங்கல் சுவரில் இரண்டு ஆணி அறைந்து, அவற்றினிடையே ஒரு நைலான் தந்தியை முறுக்கேற இழுத்துக் கட்டி மீட்டிப் பார்த்தால், அதன் துடிப்பு விரல் நுனிக்கு நன்றாகத் தெரியுமேயன்றிக் காதில் விழும் சப்தம் மிக அற்பமாகவே இருக்கும். அதே தந்தியை அதே முறுக்கோடு ஒரு சின்ன மரப்பெட்டியின்மேல் ஏற்றிவிட்டாலோ, அடுத்த அறையில் இருப்பவர் எழுந்துவந்து என்னவென்று விசாரிப்பார். பெட்டி தன்னிடமிருந்து ஒரு துளிச் சக்தியும் சேர்த்துவிடவில்லை. விரல் கொடுத்ததுதான் இரண்டு இடத்திலும் இருந்த மூலதனம். முக்கால் மில்லிமீட்டர் பருமனுள்ள தந்தி ஒரு பக்கமாக விலகிக் காற்றை நெருக்கும்போது, நெருக்குண்ட காற்று தந்தியின் விலாவைச் சுற்றி மறுபக்கத்துக்கு நழுவிவிடுவதால், அலை என்று ஒன்று உருவாவதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. ஈர்க்குக் குச்சியால் தோணியைத் தள்ள முடியாது. துடுப்புக்கு அகலம் வேண்டும். தந்தி வாத்தியங்களில் அந்த அகலத்தைத் தருவது பலகை. பலகைக்குத் துணை, அதன் கீழே அடைபட்ட காற்று.

வீட்டைப் பழுதுபார்த்தபோது கழித்துப் போட்ட அகன்ற தேக்கு நிலையின் துண்டொன்று என் கைக்கு வர, அதை உக்குலேலே என்னும் சிறு வாத்தியமாகச் செதுக்கிப் பார்ப்பதென்று ஒரு மழைக்காலத்தில் தீர்மானித்தேன். மின்சாரக் கருவி எதையும் தொடாமல், ரம்பம், உளி, நகவுளி, கொட்டாப்புளி, அரம், சுரண்டுதகடு ஆகியவற்றைக் கொண்டே வேலையை முடிப்பதென்று நிபந்தனையும் விதித்துக்கொண்டேன். அதில் பிடிவாதம் கொஞ்சம் இருந்ததை மறுக்கவில்லை. ஆனால் யந்திரத்தின் இரைச்சலில் மரம் சொல்வது காதில் விழாது என்பதே முக்கியமான காரணம். மரம் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த வேலையில் எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள முடிகிறது.

உக்குலேலேயை ஹவாய்த் தீவுகளின் வாத்தியமாக உலகம் அறியும்; அதன் பூர்வீகமோ அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள போர்த்துகீசியத் தீவாகிய மதீரா. ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில், மதீராக் குடும்பங்கள் பல ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஏறி, தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு, ஏறத்தாழ 4 மாதம் கடலில் கழித்து, 1879-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஹொனலூலுத் துறைமுகத்தில் இறங்கின. 400-க்கு மேற்பட்ட அந்தப் பிரயாணிகளில் மனுவேல் நூனெஸ், அகுஸ்து தியஸ், ஷொசே தொ எஸ்பிரீத்து சாந்து என்று மூன்று மரவேலைக்காரர் இருந்தனர். மஷேத் என்னும் நான்கு தந்திச் சிறு வாத்தியமும், ரஷாவோ என்னும் ஐந்து தந்தி வாத்தியமும் அத்தீவினரோடு கூடவே கடல் கடந்து வந்தன. வந்த சில நாட்களிலேயே மாலை தோறும் வீதிகளில் அவர்கள் நடத்திய கச்சேரியை உள்ளூர்ப் பத்திரிகையொன்று குறித்து வைத்தது. தோட்ட ஒப்பந்தம் முடிந்து மூவரும் ஹொனலூலுவில் கடை வைத்த 1880-களின் நடுப்பகுதியில், முதலாவதன் உருவமும் இரண்டாவதன் சுருதிக் கட்டும் ஒன்றுசேர்ந்து புதிய வாத்தியம் ஒன்று பிறந்துவிட்டது. காலாகௌவா மன்னர் அதை அரண்மனை விருந்துகளில் ஏற்றினார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய பொருட்காட்சி அதை அமெரிக்கா முழுவதும் பரப்பியது.

பெயரைப் பற்றி இரண்டு வியாக்கியானங்கள் உண்டு. ஹவாய் மொழியில் 'உக்கு' என்றால் தெள்ளுப்பூச்சி, 'லேலே' என்றால் குதிப்பது. தந்திகளின்மேல் தாவும் விரல்களைக் கண்டவர் இட்ட பெயர் என்பது பொது வழக்கு. லிலியுவோகலானி அரசியாருக்கோ அது உவப்பாக இல்லை போலும். 'வந்து சேர்ந்த வெகுமதி' என்று அவர் பொருள் சொன்னார். அரசியாரின் வியாக்கியானம் அழகானது. ஆயினும் வாத்தியத்தின் நாதத்தைக் கேட்டவர்கள் தெள்ளுப்பூச்சியின் பக்கம்தான் வாக்களிப்பார்கள். காரணத்தைப் பின்னால் பார்க்கலாம்.

மதீராத் தச்சர்கள் ஹவாயில் கண்டெடுத்த மரம் கோவா. அது ஹவாயைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம்; நம் கருவேலத்தின் தூரத்து உறவு. இரும்பை அறியாத காலத்து ஹவாய் மக்கள், மௌனா கியா மலையுச்சிக்கு அருகில் வெட்டியெடுத்த எரிமலைக் கல்லால் வாய்ச்சி செய்து, ஒரே கோவா மரத்தைக் குடைந்து, சமுத்திரம் செல்லும் ஓடங்களாக்கினார்கள். மரத்தைக் குடைந்து பயன் கொள்ளும் வித்தை அத்தீவுக்கு மதீராக்காரர் சொல்லிக்கொடுக்க வேண்டியதாக இருக்கவில்லை. கோவாவின் மிக நெருங்கிய பந்து ஆஸ்திரேலியாவின் அகேஷியா மெலனாக்ஸிலான். ஆங்கிலேயர் அதைக் கொண்டுவந்து நீலகிரியில் நட்டதால், உதகைக்குப் போகிறவர்கள் அதன் நிழலில் நின்றிருக்கக்கூடும். இரண்டு மரத்திலும் இலையென்று நாம் எண்ணுவது உண்மையில் இலையன்று, தட்டையாகிவிட்ட இலைக்காம்பு. இந்துமகா சமுத்திரத்தின் ரீயூனியன் தீவில் வளரும் ஒரு மரம், ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹவாயின் கோவாவிலிருந்தே வந்த வம்சம் என்று மரபணு ஆராய்ச்சி 2014-இல் காட்டியது. பூமியின்மேல் இரண்டு இடங்கள் ஒன்றுக்கொன்று விலகியிருக்கக்கூடிய தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். விதை எப்படிப் போயிற்றோ! பறவையொன்றின் உபகாரமாக இருக்கலாம்.

ஹொனலூலுத் தச்சர்கள் வாத்தியத்தைக் குடையவில்லை. 2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இழைத்த பலகையை நனைத்து, நன்றாகச் சூடேறிய இரும்புக் குழாயின்மேல் அழுத்தி வளைத்து, விலாக்களாக்கி ஒட்டினார்கள். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள், ஈரமும் உஷ்ணமும் சேரும்போது இளகி, ஆறியதும் மறுபடி இறுகிவிடுவதால் இது சாத்தியமாகிறது. ஆனால் குடையும் வழியும் பழமையானதே. தாஹித்தித் தீவில் உக்குலேலேயை ஒரே கட்டையில் செதுக்குகிறார்கள். அதற்குப் பெட்டியென்று ஒன்றுகூட இல்லை. முன்புறம் அகன்று பின்புறம் குறுகும் ஒரு புனலைப்போல நடுவில் துளையிட்டு, அதன் வாயை ஒரு மெல்லிய பலகையால் மூடி, மீன்பிடி நரம்பையே தந்தியாகக் கட்டிவிடுகிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸிடோல் என்னும் வாத்தியம், ஒரே கட்டையில் குடைந்தது, இன்றும் இருக்கிறது. குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் உருவான ஏகாண்ட வீணையை அறிந்த நமக்கு இதில் ஆச்சரியமில்லை. தந்தி வாத்தியத்தின் உறுப்புகளுக்கு வீணைக்காரர் வழங்கும் குதிரை, மெட்டு, பிரடை, தண்டி என்ற சொற்களையே இக்கட்டுரையிலும் இரவல் வாங்கிக்கொள்கிறேன். உக்குலேலே என்ற புதுச்சரக்குக்கு இந்தப் பழம்பெயர்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

சாதாரண உக்குலேலேயில் மெட்டின் அளவு, அதாவது தண்டியின் தலையிலிருந்து குதிரை வரை தந்தி துடிக்கும் நீளம், ஏறத்தாழ 345 மில்லிமீட்டர். என் துண்டு அதற்குப் போதாதாகையால் 280 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொண்டேன். குடத்தின் நீளம் 18 சென்டிமீட்டர், அகலம் 13, உயரம் நாலரை. பென்ஸிலால் உருவம் வரைந்து, வெளிவிளிம்பை ரம்பத்தால் அறுத்து எடுத்தபின், குடைவு தொடங்கிற்று.

மரம் ஒரு திடப்பொருள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நகவுளியை வைத்த மறுகணமே அந்தப் பாடம் போதாதென்று புலப்பட்டுவிடும். நுண்ணிய குழல்களைக் கற்றை கற்றையாகச் சேர்த்து ஒட்டிய பொருளே மரம். வேரின் நீரை உச்சிக்குக் கொண்டுபோன குழல்கள் அவை. நெடுக்கே அவற்றை இழுத்து அறுப்பது மகா கஷ்டம். பக்கவாட்டில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதோ விறகு பிளக்கிறவனுக்குத் தெரிந்த சுலபம். உளியின் முனை ஏறக்குறைய 30 பாகைக் கோணமுள்ள ஓர் ஆப்பு. நார் கீழ்நோக்கி இறங்கும் திசையில் அதைச் செலுத்தினால், அது அறுப்பதை விட்டுவிட்டுப் பிளக்கத் தொடங்கிவிடும்; விரிசல் உளிக்கு முன்னால் ஓடி, நாம் விட்டுவைக்க நினைத்த சுவரையும் சேர்த்துக் கிளப்பிவிடும். நார் மேலெழும் திசையில் செலுத்தினாலோ விரிசல் மேலே போய்க் காற்றில் முடிந்து, சுருள் தானாகக் கழன்று விழும். ஒரு குழிக்குள் இறங்கும் சரிவு ஒவ்வொன்றுக்கும் இந்தத் திசை மாறுவதால், நடுவை நோக்கி இரு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வரவேண்டும். ஆரம்பத்தில் ஆழம் காண்பதற்கு நாரோட்டத்துக்குக் குறுக்கே நகவுளியை நிறுத்திக் கொட்டாப்புளியால் தட்டுவதே உத்தமம். அப்போது சுருள் எழாமல், விரல் நகத்தளவு சில்லுச் சில்லாக மரம் பெயர்ந்து வரும்.

தேக்கில் இன்னொரு விசேஷம் உண்டு. வளரும்போதே அது மண்ணிலிருந்து மணலின் சத்தாகிய சிலிக்காவை உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. வெட்டும் எஃகுக்கு அது ஓயாத சாணைதான், ஆனால் தீட்டும் சாணையன்று, மழுக்கும் சாணை. அரைமணிக்கொரு தரம் தீட்டுக்கல்லுக்குப் போகாமல் ஒரு காரியமும் நடக்கவில்லை. மழுங்கிய உளியைச் சப்தத்தாலேயே அறியலாம்: கூரான முனை மரத்தில் 'சிக்' என்று ஒலித்துக் கடந்துபோகும், மழுங்கியது 'தொம்' என்று நிற்கும். மூன்று மாலைப்பொழுதில் குழி முடிந்தபோது, வெறும் வேடிக்கைக்காகச் சில்லுகளைக் கூட்டி நிறுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 400 கிராம் இருந்தது. 600 கன சென்டிமீட்டர் மரம் வெளியே வந்து, அவ்வளவு காற்று உள்ளே போயிருந்தது.

சுவரை எவ்வளவு மெல்லியதாக விடலாம் என்பதில் குடைகிறவனுக்கும் வளைக்கிறவனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வளைத்த விலாவில் நார்கள் வளைவு நெடுகக் கூடவே ஓடுகின்றன. குடைந்த சுவரிலோ பக்கங்களில் மட்டுமே நார் நெடுக ஓடும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சுவர் நாருக்குக் குறுக்கே திரும்புவதால், அங்கே குட்டைக் குட்டையான நார்த்துண்டுகள் பக்கத்தில் பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றனவேயன்றி வேறு பந்தம் இல்லை. ஆகையால் பக்கங்களில் 4 மில்லிமீட்டரும் இரு கோடிகளிலும் 7 மில்லிமீட்டரும் விட்டேன். வாத்தியம் கொஞ்சம் கனத்துப்போயிற்று. நாதத்துக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. பேசுவது பெரும்பாலும் மேற்பலகையே. விலாவும் முதுகும் காற்றை அடைத்து வைத்தால் போதும். பெட்டியே இல்லாத தாஹித்தி வாத்தியம் கடற்கரை முழுதும் கேட்கப் பாடுவது இதற்குச் சாட்சி.

இனி மேற்பலகை. என் கருத்தில் இந்த வாத்தியத்தின் விஞ்ஞானம் முழுவதும் இந்த ஒரு சாண் பலகைக்குள் அடங்கிவிடுகிறது. தேக்கு இதற்குக் கனம் அதிகம். நார் நெடுக விறைப்பும், எடையில் லேசும் சேர்ந்திருப்பது ஸ்புரூஸ் முதலான ஊசியிலை மரங்களின் தனிச்சிறப்பு. அவற்றில் ஒலி நெடுக்கே விநாடிக்கு 5,000 மீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. காற்றில் அதன் வேகம் 340 மீட்டர்தான். வெளிநாட்டுச் சாமான் வந்திறங்கிய பெட்டியொன்றின் பலகையில், நெருக்கமாகவும் நேராகவும் ரேகை ஓடிய பாகத்தைத் தேடி அறுத்துக்கொண்டேன். ரேகைகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது விதி. மரம் ஈரம் குறையும்போது நெடுக்கே அநேகமாகச் சுருங்குவதில்லை. வளையங்களுக்கு இணையான திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே செல்லும் திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. செங்குத்து ரேகைப் பலகையின் அகலம் இந்தக் குறைந்த சுருக்கத் திசையில் அமைந்துவிடுவதால், கோடையில் வெடிக்கும் அபாயம் குறைகிறது. அப்படியும், மழைக்காலத்துக்கும் வெயிற்காலத்துக்கும் இடையே மரத்தின் ஈரம் நூற்றுக்கு 4 பங்கு மாறினால், 13 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை முக்கால் மில்லிமீட்டர் சுருங்கி விரியும்.

இழைப்புளியால் அதை 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தபின் சுரண்டுதகடு வேலை செய்யத் தொடங்குகிறது. சதுரமான எஃகுத் தகட்டின் விளிம்பை, அதைவிடக் கடினமான எஃகுத் தண்டால் அழுத்தித் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி எழுப்பிக்கொள்ள வேண்டும். இரண்டு கைப் பெருவிரலாலும் தகட்டை வளைத்துத் தள்ளினால், வெங்காயச் சருகைவிட மெல்லிய சுருள் எழும். பத்துத் தள்ளுக்கு ஒருமுறை நிறுத்தி, பலகையின் விளிம்பருகே இரு விரலால் லேசாகப் பிடித்துத் தூக்கி, நடுவில் விரல் மூட்டால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பேன். 3 மில்லிமீட்டரில் 'டக்' என்று கட்டைக் குரல். மெலிய மெலிய அது கீழிறங்கி, நீண்டு, ஒரு ஸ்வரமாகவே மாறிவிடுகிறது. பிடிக்கும் இடத்தை மாற்றினால் குரல் செத்துவிடும். துடிக்காத இடத்தில் பிடித்தால்தான் பலகை பாடும். துடிக்காத அந்த ரேகைகளை 1787-இல் ஜெர்மானியராகிய கிளாட்னி, தகட்டின்மேல் மணல் தூவி, வில்லால் விளிம்பைத் தேய்த்து, மணல் போய் ஒதுங்கும் சித்திரங்களாக உலகத்துக்குக் காட்டினார். என் பலகையில் நான் தூவியது ரவை.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பலகையின் எடை அதன் கனத்துக்கு நேர் விகிதத்தில் குறையும். வளையாமல் எதிர்த்து நிற்கும் விறைப்போ கனத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் குறையும். 2 மில்லிமீட்டர்ப் பலகையை 1.6 ஆக்கினால், எடையில் ஐந்தில் ஒரு பங்கு போக, விறைப்பில் பாதி போய்விடுகிறது. தச்சன் தாளின் கனத்துக்குச் சுரண்டும்போது பலகையின் சுபாவம் அப்படியே புரண்டுவிடுவதற்கு இதுவே காரணம். தந்தியின் அற்ப பலத்துக்கு வளைந்துகொடுக்கும் அளவு இளகவேண்டும். தந்திகளின் இழுப்பைத் தாங்கும் அளவு விறைத்தும் நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. முதற்பலகையில் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும், இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்ற சபலத்தில் போய்க்கொண்டிருந்தேன். கால்மாட்டின் ஓரத்தில் தகடு என்னை அறியாமல் ஆழ இறங்கியிருக்கிறது. தட்டிப் பார்ப்பதற்காகத் தூக்கியபோது, ரேகை நெடுக, ஒரு நூலிழை கிழிவதுபோன்ற சின்னச் சப்தத்தோடு பலகை இரண்டாயிற்று. அளந்து பார்த்தால் அந்த இடத்தில் 1.1 மில்லிமீட்டர். இரண்டாவது பலகையை 1.7-இல் நிறுத்தினேன். நாருக்குக் குறுக்கே மரத்தின் விறைப்பு நெடுக்கே உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவே தேறுமாகையால், அந்தக் குறையை ஈடுசெய்ய, நாதம் வெளிவரப் பலகையில் போட்ட துவாரத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய குறுக்குச் சட்டங்களை அடியில் ஒட்டி, குடத்தின் விளிம்பில் வச்சிரம் பூசி மூடினேன். தேக்கின் எண்ணெய்ப் பசை வச்சிரத்தை ஏற்காது. ஒட்டுமுன் விளிம்பைச் சாராயச் சத்தில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டியிருந்தது.

பெட்டி மூடியவுடன் இன்னொரு பிராணி உள்ளே உயிர் பெறுகிறது: அடைபட்ட காற்று. காலிப் புட்டியின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒலிக்கும் அதே விஷயந்தான். துவாரத்தில் நிற்கும் காற்று ஒரு சின்ன எடையாகவும், உள்ளே உள்ள காற்று அதைத் தாங்கும் சுருள்வில்லாகவும் அமைந்து, இரண்டும் சேர்ந்து தமக்கென்று ஒரு வேகத்தில் ஊசலாடுகின்றன. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட பெருநூலில் இந்த ஒத்ததிர்வை விஸ்தாரமாக ஆராய்ந்தார். முதலில் 28 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துவாரம் போட்டிருந்தேன். 600 கன சென்டிமீட்டர்க் காற்றுக்கு அது விநாடிக்கு ஏறத்தாழ 344 அதிர்வைத் தருமென்று கணக்குச் சொல்லிற்று. துவாரத்தருகே வாயை வைத்து, சுருதியை மெல்ல ஏற்றிக்கொண்டே முனகிப் பார்த்தால், ஓரிடத்தில் பெட்டி முழுவதும் உள்ளங்கைக்குள் சிலிர்க்கிறது. அதுவே அந்த ஸ்வரம். அது மேல்நாட்டுச் சங்கீதத்தில் 349 அதிர்வுடைய எஃப் ஸ்வரத்துக்கு வெகு அருகில் வந்துவிட்டது. காற்றின் சுயஸ்வரம் பாட்டில் வரும் ஸ்வரம் ஒன்றோடு அப்படியே பொருந்திவிட்டால், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் முரட்டுத்தனமாக எழும்பி, சட்டென்று அணைந்துபோகும். துவாரத்தைப் பெரிதாக்கினால் பெரிய பாத்திரத்தைப்போலக் குரல் இறங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், நடப்பது நேர்மாறு. வழி அகன்றதும் காற்றின் போக்குவரத்து விரைவாகிச் சுருதி ஏறிவிடும். அரைவட்ட அரத்தால் சுற்றிலும் 2 மில்லிமீட்டர் தேய்த்து 32 ஆக்கினேன், கணக்கில் 370. எஃப்-க்கும் ஜி-க்கும் நடுவே ஆளில்லாத இடம் அது. இன்னும் 4 மில்லிமீட்டர் அகற்றியிருந்தால் 392 அதிர்வுடைய ஜி தந்தியின்மேல் போய் மோதியிருக்கும். அரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

மெட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வீணையில் மெழுகின்மேல் மெட்டை வைத்து, காதால் கேட்டு நகர்த்தி நிலைநிறுத்தும் மேளம் கட்டுதல் என்ற நுட்பம் உண்டு. உக்குலேலேயில் பித்தளைக் கம்பியைத் தண்டியில் அறைந்த பிறகு நகர்த்த வழியில்லையாகையால் கணிதமே கதி. விஞ்ஞானி கலிலியோவின் தந்தையும் சங்கீத வித்துவானுமாகிய வின்சென்ஸோ கலிலி, 1581-இல், எஞ்சிய நீளத்தில் 18-இல் ஒரு பங்கு தள்ளித் தள்ளி மெட்டை வைக்கும்படி எழுதினார். திருத்தமான எண் 17.817. 280-ஐ அதனால் வகுத்தால் முதல் மெட்டு 15.7 மில்லிமீட்டரில் விழும்; பன்னிரண்டாவது சரிபாதியாகிய 140-இல் நிற்கும். கலிலியின் 18 பன்னிரண்டாவது மெட்டை 139-இல் நிறுத்திவிடும். ஒரு மில்லிமீட்டர் பிசகு அநேகமாகப் பொல்லாப்பாய் இருந்திராது. விரலால் அழுத்தும்போது தந்தி சற்று நீண்டு சுருதி ஏறுவதை அந்தப் பிசகே ஓரளவு சரிக்கட்டிவிடுகிறது.

கடைசியில் பிரடைகளைப் பூட்டி நான்கு தந்திகளையும் ஏற்றினேன். சுருதி ஜி, சி, ஈ, ஏ. இவற்றுள் ஜி தந்தி வரிசைப்படி கீழே நில்லாமல் சி-க்கு மேலே தாவி நிற்பது ரஷாவோ விட்டுச்சென்ற பழக்கம். தந்தியின் அதிர்வு நீளத்துக்கு எதிர்விகிதத்திலும் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும் அமையும் என்ற நியமத்தைப் பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சேன் 1636-இல் எழுதி வைத்திருக்கிறார். அதன்படி 0.7 மில்லிமீட்டர் நைலான் தந்தியை இந்த நீளத்தில் ஏ ஸ்வரத்துக்கு, அதாவது 440 அதிர்வுக்கு, ஏற்ற 2.7 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வேண்டும். நான்கும் சேர்ந்து எட்டரைக் கிலோ. 1.7 மில்லிமீட்டர்ப் பலகையில் ஒட்டிய குதிரையை ஓர் எட்டு மாதக் குழந்தையின் எடை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணும்போது, முதற்பலகை ஒட்டுவதற்கு முன்பே உடைந்தது ஓர் உபகாரமாகவே தோன்றிற்று.

தெள்ளுப்பூச்சியின் பக்கம் வாக்களிக்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். மீட்டிய விரல் தந்திக்குக் கொடுப்பது ஒரு சிறு தொகை. பலகை கனமாகவும் விறைப்பாகவும் இருந்தால், அந்தத் தொகை சிறுகச் சிறுகச் செலவாகி, நாதம் மெலிதாகவும் நெடுநேரமாகவும் நிற்கும். பலகை மெல்லியதும் லேசானதுமானால், வந்த சக்தியை உடனே காற்றுக்கு வாரிக் கொடுத்துவிடுகிறது. நாதம் பளிச்சென்று எழுந்து, கேட்டு முடிக்குமுன் மறைகிறது. உரத்தும் நீடித்தும் ஒலிக்கும் பலகையை எந்தத் தச்சனாலும் செய்ய முடியாது. நைலான் தந்தியும் தன் உட்புற உராய்வால் உயர்ந்த ஸ்வரங்களை விழுங்குகிறது. ஆகவே உக்குலேலேயின் ஒவ்வொரு ஸ்வரமும் தோன்றிய இடத்தில் நில்லாமல் துள்ளி மறைகிறது. வாசிப்பவர் விரல் ஓயாமல் தடவிக்கொண்டே இருப்பதும் அதனால்தான். என் வாத்தியத்தில் ஏ தந்தி மூன்று விநாடிக்குமேல் நிற்கவில்லை. சி தந்தி சிறிது தளர்ந்து சோம்பலாகப் பேசுகிறது. 280 மில்லிமீட்டர் நீளத்துக்கு அவ்வளவு தாழ்ந்த ஸ்வரம் சுமைதான். எல்லாத் தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றிக் கட்டிய பிறகு நிலைமை திருந்திற்று. கடையில் வாங்கியதைவிட உயர்ந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்குத் தெரிந்த ஒரே வாத்தியம் அது.

புதுத் தந்தி ஒரு வாரம் வரை இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். அதுவரை சுருதி நிற்கவில்லையென்று பிரடையைக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வேலையில் இறங்க விரும்புகிறவர்களுக்கு இன்னும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: மேற்பலகைக்கு மரம் அறுக்கும்போதே இரண்டாக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள்.